குவாமின் சிறிய பழந்தின்னி வௌவால்: மூன்று உடல்கள் சொல்வதும் சொல்லாததும்

2023 அக்டோபரில் அமெரிக்க அரசின் மீன், வனவிலங்குத் துறை தன் சட்டப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து 21 உயிரினங்களின் பெயரை எடுத்துவிட்டது. இனிக் காப்பாற்ற எதுவும் மிச்சமில்லை என்பதுதான் காரணம். ஹவாய்த் தீவுகளின் எட்டுப் பறவைகள், எட்டு வகை நன்னீர் மட்டிகள், இரண்டு மீன்கள், அமெரிக்காவின் தென்கிழக்குச் சதுப்புக் காடுகளில் வாழ்ந்த பாக்மன் வார்ப்ளர், குவாம் தீவின் வெள்ளைக்கண்ணி ஆகிய பறவைகள். இத்தனைக்கும் நடுவே பாலூட்டி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுவும் குவாம் தீவைச் சேர்ந்தது: சிறிய மரியானா பழந்தின்னி வௌவால். அறிவியல் பெயர் டெரோபஸ் டோகுடே.

ஹவாய்ப் பறவைகளைப் பற்றி உலகெங்கும் செய்தி வந்தது. அவற்றில் சிலவற்றின் குரல் பதிவாகியிருக்கிறது, இன்றும் போட்டுக் கேட்கலாம். இந்த வௌவாலுக்கு அப்படி எதுவும் கிடையாது. அது இருந்தது என்பதற்கு அறிவியலின் கையில் இருப்பவை மூன்று உடல்கள். இரண்டு 1931-ல் கிடைத்தவை, ஒன்று 1968-ல். ஒரு முழு இனத்தின் வரலாறும் இந்த மூன்று உடல்களுக்குள் அடங்கிவிட்டது. அவற்றை வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று பார்ப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இடம். மேற்குப் பசிபிக்கில் வடக்குத் தெற்காக நீளும் மரியானா தீவுகளில் தெற்குக் கோடியில் இருப்பது குவாம். அந்த வரிசையில் பெரிய தீவும் அதுதான். பெரியது என்றாலும் பரப்பளவு சுமார் 540 சதுர கிலோமீட்டர்தான். தெற்கில் எரிமலைக் குன்றுகள், வடக்கில் செங்குத்தாகக் கடலில் இறங்கும் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம். சமோரோ மக்கள் இங்கே குடியேறி ஏறத்தாழ 3,500 ஆண்டுகள் ஆகின்றன. பிறகு ஸ்பெயின், 1898 முதல் அமெரிக்கா, 1941 முதல் 1944 வரை ஜப்பான், மறுபடியும் அமெரிக்கா.

இவ்வளவு தூரத்தில், நடுக்கடலில் இருக்கும் தீவுக்குத் தாமாக வந்து சேரக்கூடிய நிலப் பாலூட்டி வௌவால் ஒன்றுதான். எலி, பன்றி, மான் எல்லாம் மனிதர்களோடு வந்தவை. மனிதர் கொண்டுவராமல் குவாமில் வாழ்ந்த நிலப் பாலூட்டிகள் மொத்தம் மூன்று, மூன்றும் வௌவால்கள். பெரியது மரியானா பழந்தின்னி. சமோரோ மொழியில் அதற்கு ஃபனிஹி என்று பெயர். அடுத்தது நாம் பேசும் சிறிய பழந்தின்னி. மூன்றாவது பூச்சி தின்னும், குகையில் வாழும், கைக்குள் அடங்கிவிடும் உறைவால் வௌவால். இன்று குவாமில் எஞ்சியிருப்பது ஃபனிஹி மட்டும்தான், அதுவும் மிகச் சிறிய எண்ணிக்கையில்.

சரி, அந்த மூன்று உடல்கள் எப்படிக் கிடைத்தன?

நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 1920 முதல் பல ஆண்டுகள் விட்னி தென்கடல் பயணம் என்ற பெரிய சேகரிப்பு வேலையை நடத்தியது. பசிபிக் தீவுகளின் பறவைகளைச் சேகரிப்பதுதான் அதன் முதன்மையான நோக்கம். தீவு தீவாகப் போய் இறங்குவார்கள், பறவைகளைச் சுடுவார்கள், தோலைப் பதப்படுத்திப் பெட்டியில் வைத்து அனுப்புவார்கள். அந்தப் பயணத்தின் பிற்பகுதியில் மைக்ரோனேசியத் தீவுகளைச் சுற்றிய வில்லியம் கூல்டாஸ் 1931-ல் குவாமில் இந்த வௌவாலில் இரண்டைப் பிடித்தார். நியூயார்க்கில் அவற்றை ஆராய்ந்த ஜார்ஜ் டேட் 1934-ல் இது தனி இனம் என்று எழுதி, ஜப்பானிய விலங்கியலாளர் டோகுடாவின் பெயரைச் சூட்டினார்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்த வௌவாலைத் தேடி யாரும் போகவில்லை. பறவைக்குப் போனவர்கள் வழியில் எடுத்தது அது. அன்று அந்த இரண்டும் கண்ணில் படாமல் போயிருந்தால், 1968 வரை இப்படி ஓர் இனம் இருந்ததே அறிவியலுக்குத் தெரிந்திருக்காது. ஒருவேளை எப்போதுமே தெரிந்திருக்காது.

மூன்றாவது உடலின் கதை வேறு. 1968 மார்ச்சில், குவாமின் வடகோடியில் தாராகே என்ற செங்குத்துப் பாறைச் சரிவுக்கு அருகே வேட்டைக்காரர்கள் ஒரு பெண் வௌவாலைச் சுட்டார்கள். கூடவே இளம் வௌவால் ஒன்று இருந்தது. அதன் குட்டியாகத்தான் இருக்க வேண்டும் என்று பதிவு சொல்கிறது. அது தப்பிவிட்டது. ஐயத்துக்கு இடமில்லாத கடைசித் தடயம் இதுதான். குட்டி இருந்தது என்பதால் அதற்குத் தந்தையும் இருந்தது. ஆக, அந்தக் காலத்தில் தீவின் வடக்குக் காட்டில் இந்த இனம் இனப்பெருக்கம் செய்துகொண்டிருந்தது என்று உறுதியாகச் சொல்லலாம். அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைத்தாலும் அது ஊகம்.

உடல்கள் நேரடியாகச் சொல்வது என்ன? முன்கை எலும்பின் நீளம் சுமார் 95 மில்லிமீட்டர். இறக்கை விரிந்தால் 65 முதல் 71 சென்டிமீட்டர். உடல் 14, 15 சென்டிமீட்டர். குறிப்பிடப்படும் எடை 152 கிராம். நம் ஊரில் ஆலமரத்திலும் மருத மரத்திலும் தொங்கும் பெரிய பழந்தின்னி ஒரு கிலோவைத் தாண்டும், ஃபனிஹி ஏறத்தாழ 330 முதல் 580 கிராம் வரை இருக்கும். அவற்றோடு வைத்துப் பார்த்தால் இது நிஜமாகவே சின்ன உயிர். வயிறும் இறக்கையும் பழுப்பு முதல் கரும்பழுப்பு வரை, நடுவே அங்கங்கே வெள்ளை முடி. தோளும் கழுத்தின் பக்கங்களும் பழுப்பிலிருந்து வெளிர்பொன் நிறம் வரை. தலை உச்சி சாம்பலும் மஞ்சளும் கலந்த பழுப்பு. தாடை கரும்பழுப்பு.

நேரடியாகத் தெரிந்தது இவ்வளவுதான். என்ன பழம் தின்றது, பகலில் எங்கே தொங்கியது, கூட்டமாக வாழ்ந்ததா தனியாகவா, எப்படிக் குரல் எழுப்பியது, குட்டி எந்த மாதத்தில் பிறக்கும் என்று எவரும் எழுதி வைக்கவில்லை. கட்டுரைகளிலும் அரசு ஆவணங்களிலும் இதன் வாழ்க்கையைப் பற்றி நீங்கள் படிக்கும் வரிகள் பெரும்பாலும் ஃபனிஹியிடமிருந்து கடன் வாங்கியவை. ஃபனிஹி சீமைப்பலா தின்னும், பப்பாளி தின்னும், தாழம்பழமும் நாட்டு வாதுமையும் அத்திப்பழமும் தின்னும். ஆகவே இதுவும் தின்றிருக்கும் என்று நினைப்பது நியாயம்தான். ஆனால் நியாயமான ஊகம் பத்து இடங்களில் திரும்ப எழுதப்பட்டதும் தகவல் போலத் தோன்ற ஆரம்பித்துவிடுகிறது. இது எனக்கு உறுத்துகிறது.

ஒரே தீவில் வாழும் இரண்டு பழந்தின்னிகள் ஒன்றுபோலவே வாழும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. சமோவா தீவுகளைப் பாருங்கள். அங்கே இரண்டு இனங்கள் இருக்கின்றன. டோங்கா பழந்தின்னி நூற்றுக்கணக்கில் கூட்டமாகத் தொங்கும், இரவில் இரை தேடும். சமோவா பழந்தின்னியோ தனியாகவோ இணையோடோ குட்டியோடோ வாழும். பட்டப்பகலில் வெயிலில் மிதந்து பறக்கும், பகலிலேயே பழமும் தின்னும். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை எழுதினால் எல்லாமே தப்பாகப் போயிருக்கும். குவாமின் சிறிய வௌவால், பெரியதன் பாதி எடைகூட இல்லாத இந்த உயிர், அதன் சிறிய அச்சாகத்தான் வாழ்ந்தது என்று எப்படிச் சொல்வது?

இதற்கு நேர் எதிரான ஒரு வழக்கும் இருக்கிறது. இந்தியப் பெருங்கடலில் மொரீஷியஸ், ரீயூனியன் தீவுகளில் ரூஷெட் என்ற சிறிய பழந்தின்னி இருந்தது. கழுத்தைச் சுற்றிச் சிவந்த முடி இருந்ததால் அந்தப் பிரெஞ்சுப் பெயர். அதுவும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அழிந்துவிட்டது. அருங்காட்சியகங்களில் அதன் உடல்களும் கொஞ்சம்தான். ஆனால் ரீயூனியனில் வாழ்ந்த லானூ என்ற பிரெஞ்சுக்காரர் 1772-ல் இயற்கையியலாளர் பூஃபோனுக்குக் கடிதம் எழுதினார். அந்த வௌவால் மரப்பொந்துகளில் வாழ்கிறது, ஒரே மரத்துக்குள் 400 வரை இருக்கும், கொழுப்புக்காகவும் கறிக்காகவும் பிடிக்கிறார்கள், தான் தீவுக்கு வந்த காலத்தில் நிறைய இருந்தவை இப்போது அரிதாகிவிட்டன என்றெல்லாம் அதில் இருக்கிறது. இருநூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய ஒரு கடிதத்தால் அந்த இனத்தின் வாழ்க்கையே நமக்குத் தெரிகிறது. பொந்தில் கூட்டமாக வாழ்ந்ததால்தான் ஒரு மரத்தை மடக்கினால் நூற்றுக்கணக்கில் கொல்ல முடிந்தது என்பதும் புரிகிறது. எலும்பும் தோலும் அந்த விவரத்தை ஒருபோதும் தந்திருக்காது.

குவாமின் சிறிய வௌவாலுக்கு லானூ போன்ற ஒருவர் வாய்க்கவில்லை. சமோரோ வேட்டைக்காரர்களுக்கு அதைப் பற்றி நிறையவே தெரிந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். மூவாயிரம் ஆண்டு ஒரு தீவில் வாழ்ந்து வௌவால் பிடித்த மக்களுக்கு, அதில் எது பெரியது, எது சின்னது, எது எங்கே தூங்கும் என்று தெரியாமல் இருக்குமா? பறவை சேகரிக்க வந்தவர்கள் வந்த வேகத்தில் அடுத்த தீவுக்குப் போனார்கள். உட்கார்ந்து கேட்டு எழுதும் வேலை நடக்கவில்லை. ஆதாரம் குறைவு என்று நாம் சொல்வதில் பாதி, வௌவால் அரிதாக இருந்ததால் வந்த குறைவு. மீதி, கேட்க வேண்டியவர்களைக் கேட்காததால் வந்தது.

அடுத்து, எதனால் அழிந்தது? மூன்று உடல்களை வைத்துக்கொண்டு கொலையாளியைச் சுட்டிக்காட்ட முடியாது. சந்தேகத்துக்கு உரியவர்களை வரிசைப்படுத்தலாம்.

குவாம் என்றாலே எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பழுப்பு மரப்பாம்பு. நியூகினியா, சாலமன் தீவுகள், வட, கிழக்கு ஆஸ்திரேலியா பகுதிகளைச் சேர்ந்த பாம்பு அது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு ராணுவச் சரக்கோடு குவாமுக்கு வந்து சேர்ந்தது. பாம்பையே அறியாத காட்டுப் பறவைகளை ஒவ்வொன்றாகத் தின்று தீர்த்தது. 1987-ல் ஜூலி சாவிட்ஜ் வெளியிட்ட ஆய்வுதான் பறவைகள் காணாமல் போனதற்குப் பாம்புதான் காரணம் என்று நிறுவியது. அதற்கு முன்பு பூச்சிக்கொல்லி, நோய் என்று பலவற்றைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வௌவாலுக்கும் அந்தப் பாம்பு ஆபத்துதான். தாய் பழந்தின்னி குட்டியைக் கொஞ்ச நாள் உடம்போடு சுமந்து பறக்கும். கனம் கூடியதும் மரத்தில் விட்டுவிட்டு இரை தேடப் போகும். அந்த நேரம் பாம்புக்குத் தோதானது. 1980-களில் ஃபனிஹிக் கூட்டத்தில் குட்டிகள் வளர்ந்து வராமல் போனதற்குப் பாம்பே காரணம் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள்.

இருந்தாலும் சிறிய வௌவாலின் அழிவை முழுக்கப் பாம்பின் தலையில் போடுவது சரியில்லை என்பது என் கருத்து. பறவைகள் முதலில் தீவின் தெற்கில்தான் காணாமல் போயின. வடக்குச் சுண்ணாம்புக்கல் காட்டில் அவை 1980-கள் வரை தாக்குப் பிடித்தன. குவாம் வெள்ளைக்கண்ணியைக் கடைசியாகப் பார்த்தது 1983-ல். அதே வடக்குக் காட்டில் இந்த வௌவால் 1968-லேயே விளிம்பில் இருந்தது. 1931-ல், பாம்பு வருவதற்கு முன்பே, அரிதாகத்தான் இருந்தது. பாம்பு கடைசி அடியைக் கொடுத்திருக்கலாம். அதுவரை அதைத் தேய்த்து வந்தது வேறு.

அந்த வேறு என்பதில் முதலிடம் துப்பாக்கிக்கு. சமோரோ உணவுப் பண்பாட்டில் ஃபனிஹிக்குப் பெரிய மரியாதை உண்டு. திருமணம், ஊர்த் திருவிழா, மூத்தோருக்கு விருந்து என்றால் அது வேண்டும். முழுதாக வேகவைத்து, தேங்காய்ப் பால் சேர்த்து, தோலோடும் முடியோடும் சாப்பிடுவார்கள். வலை வைத்தும் கையால் பிடித்தும் வேட்டையாடிய காலத்தில் வௌவால்கள் ஈடுகொடுத்தன. ஆண்டுக்கு ஒரு குட்டி மட்டுமே போடும் உயிர், துப்பாக்கிக்கு ஈடுகொடுக்க முடியாது. 1958-ல் குவாமில் அதிகபட்சம் 3,000 ஃபனிஹிகள் இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். 1970-களின் இறுதியில் அது 50-க்கும் கீழே போய்விட்டது. இருபதே ஆண்டுகள். பெரிய இனத்துக்கே இந்த கதி என்றால், ஏற்கெனவே அரிதாக இருந்த சிறியது என்ன ஆகியிருக்கும்? அந்தி நேரத்தில் மரத்துக்கு மேலே வரும் உருவத்தைச் சுடுகிறவர் அது எந்த இனம் என்று பார்த்துச் சுடுவதில்லை.

காடும் சுருங்கியது. ஸ்பானியர் காலத்தில் கொண்டுவந்த மான்கள் இளங்கன்றுகளை மேய்ந்தன. 1944-ல் தீவை மீட்க நடந்த குண்டுவீச்சும், அதற்குப் பின் வடக்கு மேட்டுநிலத்தில் எழுந்த விமான தளங்களும் காட்டின் பெரும் பகுதியைத் தின்றன. புயல் வேறு. 1962 நவம்பரில் கேரன் சூறாவளி குவாமைப் புரட்டிப் போட்டது. பழந்தின்னிகளுக்குப் புயலின் காற்றைவிட, புயலுக்குப் பின் வரும் வாரங்கள்தான் ஆபத்து. மரத்தில் பழம் இருக்காது, இலை இருக்காது, பசியில் தாழப் பறக்கும், தரையில்கூட இறங்கும். சமோவாவில் 1990-லும் 1991-லும் அடுத்தடுத்து வந்த ஓஃபா, வால் புயல்களுக்குப் பிறகு இதுதான் நடந்தது. புயலுக்குத் தப்பியவற்றை மனிதர்கள் எளிதாகப் பிடித்தார்கள்.

குவாமில் வௌவால் தீர்ந்த பிறகும் விருந்துக்கான தேவை தீரவில்லை. ஆகவே வெளியிலிருந்து இறக்குமதி செய்தார்கள். 1975 முதல் 1989 வரை மற்ற பசிபிக் தீவுகளிலிருந்து, குறிப்பாக பலாவ், சமோவாவிலிருந்து, உறையவைத்துக் குவாமுக்கு வந்த பழந்தின்னிகள் இரண்டு லட்சத்தைத் தாண்டும். ஒரு தீவின் வெறுமையை நிரப்ப இன்னும் பல தீவுகள் காலியாகின. 1989-ல் பல பசிபிக் பழந்தின்னிகளை அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பிற்சேர்க்கைக்கு மாற்றி, பன்னாட்டு வணிகத்தைத் தடை செய்தார்கள். பலாவ் அப்போது அமெரிக்காவின் பொறுப்பில் இருந்த பகுதி என்பதால் அங்கிருந்து வருவது உள்நாட்டு வணிகமாகக் கருதப்பட்டது. 1994-ல் அது தனி நாடான பிறகுதான் அந்த வழியும் அடைபட்டது.

அந்தத் தடைப் பட்டியலில் பலாவின் பெரிய பழந்தின்னியும் இருந்தது. அதன் கதை குவாம் வௌவாலைவிடச் சிறியது. 1874-க்கு முன்பு கிடைத்த இரண்டு உடல்கள், 1908-ல் நட் ஆண்டர்சன் கொடுத்த பெயர், அதோடு சரி. வணிகத்திலிருந்து காப்பாற்ற ஒப்பந்தம் கையெழுத்தானபோது அதைக் கடைசியாகப் பார்த்து நூறாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

இந்த விருந்தைப் பற்றிப் பேசும்போது லிட்டிகோ-போடிக் என்ற நோயையும் தாண்டிப் போக முடியாது. குவாமின் சமோரோ மக்களிடையே இருபதாம் நூற்றாண்டின் நடுவில் உலக சராசரியைவிடப் பல மடங்கு அதிகமாகக் காணப்பட்ட நரம்பு நோய் இது. கைகால் செயலிழப்பு, நடுக்கம், நினைவிழப்பு எல்லாம் கலந்து வரும். தாவரவியலாளர் பால் ஆலன் காக்ஸும் நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸும் 2002-ல் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். சைகாஸ் மரத்தின் விதையில் நரம்புக்கு ஆகாத நச்சு இருக்கிறது. அதை வௌவால்கள் தின்கின்றன. வௌவாலின் உடம்பில் நச்சு சேர்கிறது. முழு வௌவாலையும் சாப்பிடும் மனிதருக்கு அது போய்ச் சேர்கிறது. நோயின் வீழ்ச்சியும் வௌவால்களின் வீழ்ச்சியும் முன்பின்னாக ஒத்துப்போவதையும் அவர்கள் காட்டினார்கள். இந்தக் கருதுகோளை ஏற்காதவர்கள் நிறையப் பேர், விவாதம் இன்னும் ஓயவில்லை. என் கவனம் போவது அதைச் சோதித்த முறையின் மேல். அருங்காட்சியகத்தில் ஐம்பது ஆண்டுகளாக இருந்த குவாம் ஃபனிஹித் தோல்களை எடுத்து அவற்றில் நச்சை அளந்தார்கள். சேகரித்தவர் கற்பனைகூடச் செய்யாத கேள்விக்கு அந்தத் தோல்கள் பதில் சொன்னன.

அருங்காட்சியகப் பெட்டிகள் இப்படிப் பலமுறை வாய் திறந்திருக்கின்றன. 2009-ல் கிறிஸ்டோஃபர் ஹெல்கனும் சக ஆய்வாளர்களும் சமோவாவிலிருந்து இரண்டு புதிய பழந்தின்னி இனங்களை விவரித்தார்கள். புதியவை என்றால் புதிதாகப் பிடித்தவை என்று நினைக்காதீர்கள். ஒன்றுக்கு ஆதாரம் 1856-ல் உபோலு தீவில் எடுத்து ஃபிலடெல்ஃபியாவில் வைத்திருந்த ஒரே ஒரு உடல். மற்றதற்கு 1840-ஐ ஒட்டி அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுப் பயணம் கொண்டுவந்த இரண்டு. ஒன்றரை நூற்றாண்டு வேறு இனத்தின் பெயரைச் சுமந்துகொண்டு அவை அங்கே இருந்தன. பெயர் கிடைத்த நாளிலேயே அநேகமாக அழிந்தவை என்ற குறிப்பும் சேர்ந்தே கிடைத்தது.

இதைக் கேட்கும் எவருக்கும் ஒரு கேள்வி வரும். ஆதாரம் இவ்வளவு குறைவு என்றால், அழிந்துவிட்டது என்பதையும் எப்படி உறுதியாகச் சொல்ல முடியும்? பார்க்காதது வேறு, இல்லாதது வேறு அல்லவா?

மிகச் சரியான கேள்வி. இதற்கு ஒரு சாட்சி தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1948-ல் தேனி மாவட்டத்து மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் ஒரு பழந்தின்னியைப் பிடித்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். சாதாரணக் குறுமூக்குப் பழந்தின்னி என்று எழுதி வைத்துவிட்டார்கள். 1972-ல் தாய்லாந்து ஆய்வாளர் கிட்டி தொங்லொங்யா அதைப் பார்த்து, இது புது இனம் மட்டுமல்ல, புதுப் பேரினம் என்று சொல்லி சாலிம் அலியின் பெயரை வைத்தார். லாடிடென்ஸ் சாலிமாலீ. உலகத்தில் அதற்கு இருந்த ஆதாரம் அந்த ஒரு உடல் மட்டும். 1993-ல் மறுபடியும் மேகமலைப் பகுதியில் வலையில் சிக்கியது. பிறகு களக்காடு முண்டந்துறைக் காடுகளிலும் கிடைத்தது. நாற்பத்தைந்து ஆண்டு ஒரே உடலாக இருந்த இனம் உயிரோடுதான் இருந்தது.

ஆகவே அவசரப்பட்டு அழிந்தது என்று முத்திரை குத்தத் தயங்குவதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையும் குவாமும் ஒன்றில்லை. மலைத்தொடரில் எத்தனையோ பள்ளத்தாக்குகளில் இரவு வலை கட்ட ஆளே போனதில்லை. 1948-க்கும் 1993-க்கும் நடுவே அந்த வௌவாலைத் தேடியவர்களும் சொற்பம். குவாமில் கதை தலைகீழ். சிறிய தீவு. 1970-களிலிருந்து ஃபனிஹியை எண்ணுவதற்காக அதே வடக்குப் பாறைச் சரிவுகளை ஆண்டுக்கணக்கில் தொலைநோக்கியோடு பார்த்திருக்கிறார்கள். சிறிய பழந்தின்னி ஒன்று அங்கே இருந்தால் ஒருமுறையாவது உறுதியாகச் சிக்கியிருக்கும். பறந்து போய்ப் பக்கத்துத் தீவில் இருக்கலாமே என்றால், குவாமுக்கு வெளியே எங்கும் அதன் உடல் கிடைத்ததில்லை. தேடிய அளவோடு சேர்த்துப் பார்த்தால்தான் காணவில்லை என்ற சொல்லுக்கு எடை வரும். சாலிம் அலி பழந்தின்னிக்கு அந்த எடை இல்லை, குவாம் வௌவாலுக்கு இருக்கிறது.

சட்டத்தின் கணக்கைப் பாருங்கள். இந்த வௌவால் அமெரிக்கப் பாதுகாப்புப் பட்டியலில் ஏறியது 1984-ல், கடைசி உறுதியான தடயத்துக்குப் பதினாறு ஆண்டுகள் கழித்து. 1990-ல் ஃபனிஹிக்கும் இதற்கும் சேர்த்து ஒரே மீட்புத் திட்டம் எழுதினார்கள். 1993-ல் குவாம் தேசிய வனவிலங்குப் புகலிடம் அமைந்தது. 2021-ல் பட்டியலிலிருந்து நீக்கலாம் என்ற முன்மொழிவு வந்தது. அப்போது அந்த வரிசையில் தந்தநிற அலகு மரங்கொத்தியும் இருந்தது. அந்த மரங்கொத்தியை எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி கடைசியாகப் பார்த்தது 1944-ல். இன்னும் இருக்கிறது என்று நம்புகிறவர்கள் படங்களையும் காணொளிகளையும் கொண்டுவந்து வாதாடினார்கள். 2023-ல் அதை நீக்காமல் தள்ளிவைத்தார்கள். அதற்குப் பிந்தி, 1968 வரை உறுதியாக உயிரோடு இருந்த குவாம் வௌவாலுக்காக அப்படி ஒரு கூட்டம் எழவில்லை. முடிவு தவறு என்று நான் சொல்லவில்லை. அந்த வௌவால் போய்விட்டது என்றே நினைக்கிறேன். ஒரு பறவைக்காக இத்தனை பேர் ஏங்கும்போது, மூன்று உடல் மட்டும் விட்டுப் போன ஓர் உயிருக்காக ஏங்கக்கூட யாருக்கும் நினைவு இல்லை என்பதுதான் வருத்தம். முகம் தெரியாத உயிருக்கு வாதாட ஆள் கிடைப்பதில்லை. பாதுகாப்புப் பணமும் கவனமும் அதே வழியில்தான் ஓடுகின்றன.

பெட்டிக்குள் இருக்கும் உடல்களிலிருந்து இன்னும் எடுக்க முடிந்தவை உண்டு. எலும்பிலிருந்து மரபணு எடுத்து, குவாமுக்குத் தெற்கே உள்ள கரோலின் தீவுகளின் சிறிய பழந்தின்னிகளோடும் ஃபனிஹியோடும் அதற்கு எவ்வளவு நெருக்கம் என்று பார்க்கலாம். முடியில் உள்ள கார்பன், நைட்ரஜன் அளவுகளை வைத்து உணவைப் பற்றிக் கொஞ்சம் ஊகிக்கலாம். பல்லும் மண்டையோடும் கெட்டிப் பழமா மென்பழமா தேனா என்று குறிப்புக் கொடுக்கும். ஆனால் உடலைச் சிதைக்காமல் இவற்றைச் செய்ய வேண்டும், ஏனென்றால் மூன்றில் ஒன்றைச் சேதப்படுத்தினாலும் இனத்தின் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். குவாமின் முதிய வேட்டைக்காரர்களின் நினைவுகளைப் பதிவு செய்வதும் இதே அளவு அவசரம். அறுபதுகளில் இளைஞராகக் காட்டுக்குப் போனவர்களுக்கு இப்போது எண்பது வயதாகிறது.

மூன்று வௌவால்களில் மூன்றாவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதன் கதை முடியவில்லை. உறைவால் வௌவால் குவாமிலிருந்தும் பக்கத்துத் தீவான ரோட்டாவிலிருந்தும் மறைந்துவிட்டது. மரியானா தீவுகளிலேயே அது மிஞ்சியிருக்கும் ஒரே இடம் அகிகுவான், ஆள் குடியில்லாத, சுமார் 7 சதுர கிலோமீட்டர் தீவு. அதன் குகைகளில் எத்தனை இருக்கின்றன என்று அந்தி நேரத்தில் வாசலில் நின்று எண்ணுகிறார்கள், குரலைக் கருவியில் பதிவு செய்கிறார்கள், எந்தக் காட்டில் பூச்சி பிடிக்கிறது என்று தெரிந்திருக்கிறது. பெரிய மரங்கள் உள்ள பழைய காடுதான் அதற்கு வேண்டும். 2015-ல் அதைச் சட்டப் பட்டியலில் சேர்த்தார்கள். அந்தக் காட்டின் இளங்கன்றுகளை மேய்ந்து தீர்ப்பவை தீவில் விடப்பட்டுப் பெருகிய ஆடுகள். அவற்றை அங்கிருந்து அகற்றினால்தான் காடு மறுபடி முளைக்கும்.